இருவரை ஐந்து மணி நேரமா, நால்வரை இரண்டரை மணி நேரமா: திருமணத் தந்திக் கருவி இசையின் செலவுக் கணக்கு

தங்கையின் திருமணத்தில் தந்திக் கருவிகளின் நேரடி இசை இருக்க வேண்டும் என்று முடிவானபோது, என் கைக்கு இரண்டு மதிப்பீடுகள் வந்து சேர்ந்தன. ஒரு வயலினும் ஒரு செலோவும் (உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரிய, தாழ்குரல் கருவி) கொண்ட இருவர் குழு, விருந்தினர் வரத் தொடங்குவதிலிருந்து விருந்து முடியும்வரை ஐந்து மணி நேரம் வாசிப்பதற்கானது முதலாவது. இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட கருவி), ஒரு செலோ என்ற நால்வர் குழு இரண்டரை மணி நேரம் வாசிப்பதற்கானது இரண்டாவது. அடிப்படைக் கட்டணத்தில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வீட்டில் பெரும்பாலோர் முதலாவதையே விரும்பினார்கள். அதே பணத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஆள் கூடினால் கட்டணம் கூடும். தனி வயலின் மலிவு, பதிவு இசை அதைவிட மலிவு. விசேஷங்கள் நெருக்கமாக வரும் நாட்களில் பேரம் படியாது. இவற்றைப் பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. இறுதித் தொகையை உண்மையில் தீர்மானிப்பது, ‘நேரம்’ என்ற ஒரே சொல்லை நாமும் இசைக்கலைஞர்களும் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதுதான்.

நாம் நேரம் என்று சொல்லும்போது காதில் இசை விழும் நேரத்தை நினைக்கிறோம். அவர்களுக்கோ, வந்து உட்காரச் சொன்ன நிமிடத்திலிருந்து விடைபெறும் நிமிடம்வரை எல்லாமே நேரம். அதில் தவறும் இல்லை. அந்த மாலையை நமக்குத் தந்துவிட்டால் அதே மாலையில் வேறு நிகழ்ச்சியை அவர்களால் ஒப்புக்கொள்ள முடியாது. அரை மணி நேரம் மட்டும் வாசித்தால் போதும் என்று கேட்டாலும் பல குழுக்கள் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கட்டணத்தைக் கேட்பதற்குக் காரணம் இதுவே. பயணம், மேடை ஒழுங்கு, சுருதி சேர்ப்பது, இசைத்தாள்களை அடுக்குவது ஆகியவை வாசிப்பு குறைவதால் குறைந்துவிடுவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது வேறொரு திருமணத்தில். நண்பருக்காக ஒருங்கிணைப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, ஐந்து மணி நேரத்துக்கு அமர்த்தப்பட்ட இருவர் குழு ஒன்று வந்திருந்தது. சடங்கு முடிந்ததும் புகைப்படம் எடுக்க எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். பின்கட்டு வராந்தாவில் செலோவைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டு, வில்லின் முடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, இருவரும் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேச்சுகள் நடந்தன; அப்போதும் வாசிக்க முடியாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து, பதினைந்து நிமிட இடைவேளையும் இருந்தது; இடைவிடாமல் வாசிக்கும் கைக்கும் தோளுக்கும் அது தேவைதான். மாலை முடிந்தபின் கூட்டிப் பார்த்தேன்: ஐந்து மணி நேரத்தில் அவர்கள் வாசித்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரத்துக்கு நண்பர் கொடுத்தது காத்திருப்புக்கான கூலி.

ஆகவே இரண்டு மதிப்பீடுகளையும் ஆள்மணி என்ற ஒரே அளவில் வைத்துப் பார்த்தேன். இருவர் ஐந்து மணி நேரம் இருந்தால் 10 ஆள்மணி. நால்வர் இரண்டரை மணி நேரம் இருந்தாலும் அதே 10. வேறுபாடு, அந்தப் பத்தும் எங்கே செலவாகின்றன என்பதில் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலைச் சற்று மாற்றி, விருந்தினர் வருகை, சடங்கு, அதைத் தொடர்ந்த வரவேற்பு ஆகிய மூன்றையும் ஒட்டி வைத்து, புகைப்படத்தின் பெரும்பகுதியை அதற்கு முன்பே முடித்துக்கொண்டால், நால்வரின் இரண்டரை மணி நேரத்தில் வீணாவது மிகக் குறைவு. நிரலை மாற்ற வழியில்லை, சடங்குக்கும் வரவேற்புக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி தவிர்க்க முடியாதது என்றால், என் பரிந்துரையின் பலம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கூடுதல் நேரக் கட்டணம் இதே கணக்கின் மறுபக்கம். அது பெரும்பாலும் கால் மணி அல்லது அரை மணி அலகாகக் கணக்கிடப்படுகிறது. ஐந்து நிமிடம் தாண்டினாலும் முழு அலகுக்கும் பணம். நால்வர் குழுவில் அந்தத் தொகை நான்கால் பெருகும் என்பது அதன் உண்மையான பலவீனம். நாங்கள் ஒப்பந்தத்தில் அலகு எவ்வளவு, யார் கேட்டால் நீட்டிக்கலாம் என்ற இரண்டையும் எழுதி வாங்கினோம். இரண்டாவது விதி அற்பமாகத் தோன்றும். ஆனால் உற்சாகத்தில் இருக்கும் ஒரு சித்தப்பா “இன்னும் ரெண்டு பாட்டு வாசிங்க” என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் நாம் பணம் கட்ட வேண்டி வந்துவிடும்.

இசையின் தரத்தில் நான்குக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒலியின் அளவில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. ஒரே அளவு ஒலி எழுப்பும் கருவிகளின் எண்ணிக்கை இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு) உயரும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். எனவே பெரிய கூடத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக மட்டும் இரண்டு பேரை நான்காக்குவது வீண் செலவு. அதற்கு மைக்கும் ஒலிபெருக்கியும் மலிவான வழி.

நால்வர் தருவது குரல்களின் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இசைவரிகள். திருமணங்களில் அதிகம் கேட்கப்படும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகெல்பெலின் ‘கேனன்’ என்ற இசைப்படைப்பை எடுத்துக்கொள்ளலாம். அது மூன்று வயலின்களுக்கும் அவற்றின் அடியில் ஓடும் ஒரு தாழ்குரலுக்கும் எழுதப்பட்டது. கீழே எட்டே சுரங்கள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்க, மேலே முதல் வயலின் வாசித்ததை இரண்டாவது சற்றுப் பின்னால் தொடர, அதை மூன்றாவது தொடரும். அந்தத் துரத்தல்தான் அந்த இசையின் உயிர். நால்வர் குழுவில் மூன்றாம் வயலினின் வேலையை வியோலா ஏற்றுக்கொள்ள, எல்லாக் குரல்களும் இருக்கும். இருவர் குழுவில் செலோ அந்த எட்டுச் சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, ஒற்றை வயலின் தன்னையே துரத்த முடியாமல் மெட்டை மட்டும் பாடிவிட்டுப் போகும். கேட்க இனிமையாகவே இருக்கும், ஆனால் அது வேறு பொருள்.

இதே காரணத்தால் செலவிலும் ஒரு மறைமுக லாபம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடன் காலத்திலிருந்தே நால்வர் அமைப்புக்கு எழுதிக் குவித்திருக்கிறார்கள். புதிய பாடல்களுக்கும் நால்வருக்கான இசைத்தாள்கள் ஆயத்தமாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. வயலினும் செலோவும் மட்டும் என்றால் அந்தக் கையிருப்பு சிறிது. மணமக்கள் விரும்பும் பாடலுக்கு இசைத்தாள் இல்லையென்றால் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். எந்தக் குழுவானாலும், “இந்தப் பாடலை ஏற்கெனவே வாசித்திருக்கிறீர்களா?” என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது, இதற்கு முன் யாருக்காகவோ எழுதப்பட்ட தாள் அவர்கள் பெட்டியில் இருக்கக்கூடும்.

இருவர் குழுவே சரியாகப் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. நால்வர் வில்லை வீசி வாசிக்க ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடம் தேவை. சின்ன அறையில் அது கிடைக்காது. குழு வெளியூரிலிருந்து விமானத்தில் வர வேண்டியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்: செலோவைச் சரக்கறையில் போடப் பல கலைஞர்கள் துணிவதில்லை, அதற்கும் ஒரு இருக்கை வாங்க வேண்டும், ஆக நால்வருக்கு ஐந்து பயணச்சீட்டு. எங்கள் குழு உள்ளூர் என்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை.

திறந்த வெளியைப் பற்றி நான் சற்றுத் தயங்கியே எழுத வேண்டும், ஏனெனில் எங்கள் நிகழ்ச்சி கூடத்துக்குள் நடந்தது. சுவர்கள் இல்லாத இடத்தில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், இருவரோ நால்வரோ, மைக் இல்லாமல் பின்வரிசைக்கு எட்டாது. நேரடி வெயிலிலும் தூறலிலும் வாசிக்க மாட்டோம் என்ற விதியை இரண்டு குழுக்களுமே மதிப்பீட்டில் எழுதியிருந்தன. பசை கொண்டு ஒட்டிய மரக் கருவிகள் வெயிலில் விட்டுப்போகும். பந்தல் வாடகை, ஒலியமைப்பு இரண்டையும் சேர்த்தபின் எது மலிவு என்பதை அனுபவத்திலிருந்து சொல்ல என்னால் முடியாது. மின் வயலினையும், தான் வாசித்ததையே பதிந்து அடுக்கிக்கொண்டு போகும் தனிக் கலைஞரையும் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், அது போதாது.

முன்பணம் கட்டிய அன்று செலோ கலைஞர் தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி, “கைப்பிடி இல்லாத நாற்காலி நான்கு இருக்கிறதா?” என்பது. கூடத்தில் இருந்தவை எல்லாம் கைப்பிடி வைத்த, மெத்தை போட்ட நாற்காலிகள். வில் கை இடிக்கும் என்பதால் அவற்றில் உட்கார்ந்து வாசிக்க முடியாது. நான்கு சாதா நாற்காலிகளைத் தனியாக வாடகைக்கு எடுத்தோம். மொத்தச் செலவில் இதுதான் எந்த மதிப்பீட்டிலும் இல்லாத வரி.

அன்று நால்வரும் குறித்த நேரத்தில் வாசித்து முடித்து, கருவிகளைப் பெட்டியில் வைத்துக் கிளம்பினார்கள். விருந்துக்கு நான் முன்கூட்டித் தொகுத்து வைத்திருந்த பதிவு இசையைத் தாழ்வாக ஓடவிட்டேன். பாதி விருந்தில் எங்கள் பெரியப்பா என்னை அழைத்து, “பாவம், இவ்வளவு நேரமாக வாசிக்கிறார்களே, அவர்களைச் சாப்பிடச் சொன்னாயா?” என்று விசாரித்தார். அவர்கள் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.