புயல் துப்புரவு வேலைக்கு ஆப் மூலம் போகாதீர்கள், எனக்கு 4,20,000 மாட்டிக்கிடக்கிறது

கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்ட வேலை, புல்தரை, மரம் கவாத்து என்று கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். புயலோ வெள்ளமோ வந்தால் போதும், "துப்புரவு வேலை ரெடி, உடனடிப் பணம்" என்று போனில் கூவுகிற ஒரு ஆப் இருக்கிறது. பேரைச் சொல்லவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார். வேலையையும் கான்ட்ராக்டரையும் கோர்த்துவிட்டு நடுவில் கமிஷன் எடுக்கிற வகை. அதில் செய்த வேலைக்கு வர வேண்டியது 3,95,000, கட்டிய டெபாசிட் 25,000, மொத்தம் 4,20,000 நிற்கிறது. இந்த வேலைக்குப் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏன் போனாய் என்று கேட்பீர்கள். புயல் அடித்த வாரத்தில் எவர் புல் வெட்டக் கூப்பிடுவார்? மாதக் கணக்கு வாடிக்கையாளர்களே "இப்போதைக்கு வேண்டாம்" என்று நிறுத்திவிடுவார்கள். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், செயின்சா சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் லோடு கணக்கில் கூலி, வழக்கமான வருமானத்தைப் போல மூன்று மடங்கு என்றால் யாரும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பார்கள். டீசல், டிப்பர் வாடகை, ஆள்கூலி, சங்கிலித் தேய்மானம் எல்லாம் கழித்துப் பார்த்தேன். கட்டுப்படியானது. பணம் வந்திருந்தால் இப்போதும் கட்டுப்படிதான்.

நம்ப வைத்தது எது தெரியுமா? ஆப்காரர்கள் அனுப்பிய சூப்பர்வைசர் பையன் டேப்போடு வந்தான். டிப்பர் தொட்டிக்குள் ஏறி உள்நீளம், அகலம், உயரம் அளந்தான். தொட்டியின் முன்பக்கம் ஜாக்கி இருக்கும் இடத்தில் பெட்டி மாதிரி ஒரு மேடு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் தனியாக அளந்து கழித்தான். மிச்சக் கன அடியை வெள்ளை பெயிண்டில் வண்டிக் கதவில் எழுதினான். ஒரு மேட்டுக்குக்கூடக் கழிக்கிறவர்கள் கணக்கில் கறாராக இருப்பார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது? "அண்ணே, லோடுக்கு ஒரு சீட்டு. கொட்டுற இடத்துல மேடை மேல ஆள் நிப்பாரு. தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பார்த்து எழுதுவாரு. சீட்டு இருந்தா பணம் இருக்குன்னு அர்த்தம்." பெரிய புயல் துப்புரவுகளில் நடைமுறையும் இதுதான், அவன் புதிதாக ஒன்றும் கட்டிவிடவில்லை.

முதல் பில் சின்னது. சொன்ன தேதியில் வந்துவிட்டது. அன்றைக்கே இன்னொரு டிப்பர் வாடகைக்குப் பேசினேன், ஆள் கூட்டினேன். இதற்காகத்தான் அந்த முதல் பில்லைத் தருகிறார்கள். தூண்டில் புழு.

அப்புறம், "ஒரிஜினல் சீட்டு கொடுத்தாத்தான் பில் மேலே போகும்" என்று மொத்தச் சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். வேலை முடிந்தது. பணம் வரவில்லை.

கேட்டால், மேலே இருந்து வரவில்லை என்றார்கள். யார் அந்த மேலே? நாங்கள் நேரடியாக ஒப்பந்தம் எடுக்கவில்லை, எங்களுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்றார்கள். இது வேலைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவிலும் இதே கூத்துதான். பெரிய ஒப்பந்தக்காரர் கீழே விட, அவர் இன்னும் கீழே விட, கடைசியில் குப்பை அள்ளியவர் கைக்கு வந்தது சொற்பம் என்று அப்போதே நாறியது. இத்தனை வருடம் கழித்தும் அதே அடுக்கு, இப்போது ஆப் வேறு சேர்ந்துகொண்டது.

அடுத்த போனில் கதை மாறியது. காம்பவுண்டுக்கு உள்ளே எடுத்த கிளைகள் கணக்கில் வராதாம், ரோட்டோரம் கிடந்தது மட்டும்தானாம். உள்ளே போகச் சொன்னதே அவர்கள் ஆள்! அதற்கடுத்து, கிளையோடு ஓட்டுச் சில்லும் தகரமும் கலந்திருந்ததால் ரிஜெக்ட். கலந்திருந்தால் கொட்டும் இடத்திலேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டாமா? சீட்டுகளின் போட்டோ என் போனில் இருக்கிறது என்றேன். போட்டோ செல்லாது, ஒரிஜினல் வேண்டும் என்றார்கள். ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது? அவர்களிடம்! இதைச் சொன்னதும் போனில் பேசிய ஆப் ஆபீஸ் பெண் "லைன்ல இருங்க சார்" என்றார், பாட்டு ஓடியது, கட் ஆனது. ஆப்பில் புகார் போட்டால் "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று தானாக மூடிக்கொள்கிறது. எங்கே தீர்ந்தது? 4,20,000 எங்கே? அண்ணே அண்ணே என்றவன் இப்போது போனையே எடுப்பதில்லை.

ஆள்கூலியை நான் நிறுத்தவில்லை, கையிலிருந்து கொடுத்துவிட்டேன். அவர்கள் உயிரைப் பணயம் வைத்த வேலை அது. சாய்ந்து வளைந்து நிற்கிற மரம் வில் மாதிரி விசையோடு இருக்கும், தப்பான பக்கம் அறுத்தால் தண்டு தெறித்து முகத்தில் அடிக்கும். ஒருவருக்கு மணிக்கட்டில் அடிபட்டது. இன்சூரன்ஸ் கேட்டேன், "அது உங்க பொறுப்பு" என்றார்கள்.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. டெபாசிட் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சீட்டை எவனிடமும் கொடுக்காதீர்கள், அதுதான் பணம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நகலில் கையெழுத்து, தேதி வாங்குங்கள். உங்களுக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள், மேலே பணம் வராவிட்டாலும் உங்களுக்கு எத்தனை நாளில் தருவார்கள், எழுத்தில் கேளுங்கள். காம்பவுண்டுக்கு உள்ளேயா வெளியேயா, அதையும் எழுத்தில். கொட்டுகிற கட்டணம் யார் தலையில் என்று நான் கேட்டதற்கு அந்தப் பையன் சிரித்தான், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டிப்பர்காரர் வாடகைக்காக வாசலில் நிற்கிறார், மீதியை அப்புறம் எழுதுகிறேன். இதே ஆப்பில் மாட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து புகார் கொடுப்போம்.