மழை மாதங்களில் தீவைச் சுற்றி: நான்கு ஆண்டு சைக்கிள் அனுபவம்

இலையுதிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றிக் கேட்டால், மலேசியாவின் பினாங்குத் தீவில் இலையுதிர்காலம் ஏது? தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர்தான் எங்களுக்கு வானம் குழம்பும் காலம். பாட்டி சொன்ன ஐப்பசி அடைமழை தமிழ்நாட்டு வடகிழக்குப் பருவமழை. இங்கே பருவக்காற்று திசை மாறும் இடைவெளியில் கொட்டுகிறது. காரணம் வேறு, மாதம் மட்டும் பொருந்திவிட்டது.

சனிக்கிழமை குழுவோடு தீவைச் சுற்றி ஏறக்குறைய 70 கிலோமீட்டர்: ஜார்ஜ்டவுனில் தொடங்கி பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், தித்தி கெராவாங் மேடு, பாலேக் பூலாவ், தெலுக் கும்பார் வழியாக வீடு. ஞாயிறு தனியாக தெலுக் பஹாங் அணை வரை போய்த் திரும்புவேன். மழை மாதங்களிலும் இதை நிறுத்தியதில்லை.

முதல் ஆண்டு 130 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மழைச்சட்டை வாங்கினேன். வீண் செலவு. இந்தப் புழுக்கத்தில் மேடு ஏறினால் வெளியே மழை, உள்ளே வியர்வை. எப்படியும் நனையத்தான் போகிறோம். இப்போது மேட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் போட, கையில்லாத மெல்லிய மேல்சட்டை ஒன்றை முதுகுப் பையில் சுருட்டி வைத்திருக்கிறேன்.

உருப்படியாக வாங்கியது 35 வெள்ளி பின் மட்கார்டு. அதுவும் நானாக வாங்கவில்லை. குழுவில் மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்போம். ஒரு சனிக்கிழமை பாலேக் பூலாவ் வரை என் பின்னாலேயே வந்தவர், கடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, உன் பின்னால வந்தா பசியாறவே வேணாம்லா, வயிறு ரொம்பிடுது." அடுத்த வாரமே மாட்டிவிட்டேன். தனியாகப் போகிறவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. சட்டைமுதுகில் சேற்றுக்கோடு விழும், அவ்வளவுதான்.

டயரை 25 மில்லிமீட்டரிலிருந்து 28-க்கு மாற்றி, காற்றை 100 பிஎஸ்ஐயிலிருந்து 75-க்குக் குறைத்தேன். குண்டும் குழியுமான இடங்களில் கை வலிப்பது குறைந்தது. அதற்காக வழுக்காது என்று நம்பிவிடக் கூடாது. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் சாலை எண்ணெய்ப் பசையோடு இருக்கும். வெள்ளைக் கோடும் சாக்கடையின் இரும்பு மூடியும் எந்த டயரையும் மதிப்பதில்லை. ஈரத்தில் கண்ணாடித் துண்டும் கம்பித் துகளும் டயரில் ஒட்டிக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கும். அதனால் தனியாகப் போகும்போது இரண்டு டியூப் கொண்டுபோகிறேன். குழுவோடு போனால் ஒன்று போதும், யாரிடமாவது இருக்கும்.

என்னுடையது சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக். நனைந்த சக்கரத்தில் பிடித்தால் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் வேகம் குறையும். இறக்கத்தில் அந்த ஒரு நொடி நீளமானது. பிரேக் கட்டைகளில் மணல் ஏறி ரிம்மைச் சுரண்டும். வீட்டுக்கு வந்ததும் ஊசியால் குத்தி எடுக்கிறேன். மற்ற மாதங்களில் எட்டு மாதம் வரும் கட்டை, இந்த இரண்டு மாதத்திலேயே தேய்ந்துவிடுகிறது. புதிதாக வாங்குகிறவர் யோசிக்காமல் டிஸ்க் பிரேக் வாங்கலாம்.

விளக்கு கட்டாயம் வேண்டும். 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே விடியவே ஏழு மணி ஆகிறது. ஆறு மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டு.

இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், அதனால் காலை ஓட்டத்துக்குப் பயமில்லை என்பார்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்றுமழை அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. விடியலுக்கு முன்னும் காலையிலும் வந்து அடிக்கும். ஒருமுறை தெலுக் பஹாங்கில் கடல் பக்கம் கறுத்து நின்றது. ஒன்பது பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோமே தவிர, திரும்பலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. தனியாக இருந்திருந்தால் நான் அப்போதே திரும்பியிருப்பேன். பாதி மேட்டில் மின்னல் பிடித்துக்கொண்டது. சீசன் முடிந்து மூடிக்கிடந்த டுரியான் கடையில் ஒரு மணி நேரம் ஒண்டிக் கிடந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: முதலில் "திரும்பலாம்" என்பவருக்கு அன்றைய தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) இலவசம். நன்றாகத்தான் போனது. கடந்த மூன்று சனிக்கிழமையும் ஒரே ஆள், தெருவிளக்கு அணைவதற்கு முன்பே சொல்லிவிட்டார். விதியை மாற்று என்று அண்ணன் நிற்கிறார்.