வீட்டு விளையாட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம்? விண்டோஸ் 10, விண்டோஸ் 11, லினக்ஸ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்பு வாரக்கணக்கில் விமர்சனங்களைப் படிப்பவர்கள்கூட, இயங்குதளம் என்று வரும்போது கணினியில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதையே வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதனால் பெரிய நட்டம் ஏதும் இருக்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதற்கு நான்கு நாள் முன்னதாக வெளியான பேட்டில்ஃபீல்ட் 6 விளையாட்டு, செக்யூர் பூட் (கணினி எழும்போது நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் வசதி) இல்லாத கணினியில் ஓடவே மறுத்தது. இந்த இரண்டுக்கும் பிறகு, இருப்பதே போதும் என்று விட்டுவிட முடியவில்லை.

எந்த இயங்குதளத்தில் ஃபிரேம் (நொடிக்குத் திரையில் ஓடும் படங்களின் எண்ணிக்கை) கூடுதலாக வரும் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். என் கணிப்பில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் ஆடும் விளையாட்டில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் ஆன்டி-சீட் நிரல் எதைக் கேட்கிறது, உங்கள் பிராசஸர் எந்தத் தலைமுறை என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தாலே முடிவு ஏறக்குறையக் கைக்கு வந்துவிடும். இருந்தாலும் எல்லோரும் கேட்பது ஃபிரேம் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

ஃபிரேம் கணக்கு

விண்டோஸ் 10, 11 இரண்டிலும், விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டோடு பேச உதவும் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் இருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவர்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே ஒரே கணினியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் வருவதில்லை. விதிவிலக்கு பிராசஸரில்தான் இருக்கிறது. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து ஒரே சிப்பில் வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்து வருகின்றன. எந்த வேலையை எந்தக் கோருக்கு அனுப்புவது என்று பிராசஸர் தரும் குறிப்பைப் புரிந்துகொள்ளும் வகையில் விண்டோஸ் 11-இன் ஷெட்யூலர் எழுதப்பட்டிருக்கிறது, விண்டோஸ் 10-இன் ஷெட்யூலருக்கு அந்தக் குறிப்பு புரியாது. சராசரி ஃபிரேம் குறையாமலேயே, பின்னணியில் வேறு வேலைகள் ஓடும்போது ஆங்காங்கே ஒரு திக்கல் விழுவது இப்படிப்பட்ட கணினிகளில்தான். ஏஎம்டி பக்கம், ரைசன் 5000 முதலான பிராசஸர்களுக்கான, அடுத்து வரும் கட்டளையை முன்கூட்டியே ஊகிக்கும் பிராஞ்ச் பிரெடிக்‌ஷன் மேம்பாடு 2024-இல் விண்டோஸ் 11-க்குத்தான் வந்தது.

பழைய விளையாட்டுகளின் ஒளி, நிற வீச்சைத் தானாக விரிக்கும் ஆட்டோ எச்டிஆர் 11-இல் மட்டும் உண்டு. எச்டிஆர் திரை இல்லாதவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இருப்பவருக்கோ, பழைய விளையாட்டுகளுக்கு அது தரும் வெளிச்சத்தைப் பார்த்த பிறகு திரும்பிப் போக மனம் வராது. விளையாட்டுத் தரவை எஸ்எஸ்டியிலிருந்து வேகமாக ஏற்றும் டைரக்ட்ஸ்டோரேஜ் இரண்டிலும் வேலை செய்கிறது. அதன் முழுப் பலனைத் தரும் புதிய சேமிப்பு அடுக்கு 11-இல் இருக்கிறது என்றாலும், அதைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் இன்னும் சொற்பமே.

விண்டோஸ் 11 மந்தம் என்ற பேச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. புதிதாக நிறுவும் கணினிகளில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி பெரும்பாலும் தானாகவே இயக்கத்தில் இருக்கும். அது சில விளையாட்டுகளில் ஃபிரேமைக் குறைக்கக்கூடும் என்பதை மைக்ரோசாஃப்ட்டே 2022-இல் ஒப்புக்கொண்டு, விளையாடும்போது அணைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசோலேஷன் என்று போனால் அந்தப் பொத்தான் கிடைக்கும். அதே கணினியில் வங்கி வேலையும் நடக்கிறது என்றால் நான் அதைத் தொடமாட்டேன்.

வாயிற்காவலர் யார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வேலொரண்ட் விளையாட்டின் ஆன்டி-சீட்டான வான்கார்ட், விண்டோஸ் 11 கணினிகளில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் கூறு), செக்யூர் பூட் இரண்டையும் 2021-இலிருந்தே கேட்டு வருகிறது. கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7-உம் இரண்டையும் கேட்கிறது. ஏமாற்று நிரல்கள் விண்டோஸ் எழும் முன்பே உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளத் தொடங்கியதால், கணினி எழும் வரிசையையே சரிபார்க்க வேண்டிய நிலைக்கு ஆன்டி-சீட் நிறுவனங்கள் வந்துவிட்டன என்பதே இதன் பின்னணி. இவை இரண்டும் பயோஸில் (மதர்போர்டின் தொடக்க அமைப்பில்) இயக்க வேண்டிய வசதிகள் என்பதால், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறிவிட்டால் மட்டும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. பயோஸ் சரியாக இல்லாத விண்டோஸ் 11-உம் வாசலிலேயே நிறுத்தப்படும்.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டித் திறந்தால், வலப்பக்கப் பட்டியலில் பயோஸ் மோட் என்றும் செக்யூர் பூட் ஸ்டேட் என்றும் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் யுஇஎஃப்ஐ (கணினி எழும் புதிய முறை) என்றும் இரண்டாவதில் ஆன் என்றும் இருந்தால் கவலை இல்லை. என் கணினியில் முதல் வரியில் லெகசி (பழைய முறை) என்று இருந்தது. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து எஸ்எஸ்டிக்கு மாற்றியதன் பலன் அது. அதைக் கவனிக்காமல் பயோஸில் பழைய முறைக்கு இடம்தரும் சிஎஸ்எம்மை அணைத்துச் செக்யூர் பூட்டைப் போட்டேன். கணினி விண்டோஸுக்குள் போகாமல் திரும்பத் திரும்பப் பயோஸ் திரையிலேயே வந்து நின்றது. டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு அமைப்பில் இருக்கும்போது யுஇஎஃப்ஐ அதிலிருந்து விண்டோஸை எழுப்ப முடியாது என்பதால், முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் பயோஸில் கைவைக்க வேண்டும். மாற்றுவதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது; தரவு அழியாமல் மாற்றிவிடும், ஆனால் டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். பேக்கப் எடுக்காமல் இதில் இறங்குவது தலையைக் கொடுப்பதற்குச் சமம்.

ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்மை இயக்கினால் சில கணினிகளில் அவ்வப்போது திரையும் ஒலியும் ஒரு கணம் திக்கும் என்று 2022-இல் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, பயோஸ் அப்டேட் மூலம் சரிசெய்தது. அந்த அப்டேட்டைப் போடாமலேயே இருந்துவிட்டு விண்டோஸ் 11-ஐத் திட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-இல் நிற்பவருக்கு

ஆதரவு முடிந்த மறுநாளே எந்த விளையாட்டும் நின்றுவிடவில்லை. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேரும் வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கான விண்டோஸ் 10 கேம் ரெடி டிரைவர்களை (புதிய விளையாட்டுகளுக்கேற்ப வருபவை) என்விடியாவும் 2026 அக்டோபர் வரை நீட்டித்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11-க்கு மாறினாலும் புதிய டிரைவர்கள் வராது. அந்த வரிசைக்கான கேம் ரெடி டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்து, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது.

ஆக விண்டோஸ் 10 என்பது இப்போது தவணைக் காலம். புதிய கணினி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர் அதுவரை அதிலேயே ஓட்டலாம். புதிதாக நிறுவுவதற்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும், விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் தன் ஆதரவை 2024 ஜனவரி 1 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கும் ஒரு நாள் அப்படி வந்து சேரும்.

பிராசஸர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கோ ரைசன் 2000-க்கோ முந்தையது என்றால், பொதுவாக விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் அது இருக்காது. பரிசோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகள் உலவுகின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பை ஒவ்வொரு முறையும் கையால் நிறுவ வேண்டியிருக்கும். அவ்வளவு பாடுபடத் தயாராக இருப்பவர் அதைவிடக் குறைந்த சிரமத்தில் லினக்ஸுக்கே போய்விடலாம்.

ஹோமா, புரோவா?

விண்டோஸின் ஹோம், புரோ பதிப்புகளில் விளையாடுவதற்கு ஹோம் போதும். ஹோமின் வரம்பான 128 ஜிபி ரேமுக்கு மேல் யாரும் விளையாட்டுக்காகப் போடுவதில்லை. ஹைப்பர்-வி, ரிமோட் டெஸ்க்டாப், குரூப் பாலிசி ஆகியவற்றுக்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை. புரோவில் ஃபிரேம் கூடும் என்பது வெறும் வதந்தி. அப்டேட்டுகளைத் தள்ளிப்போடுவதில் புரோவுக்குக் கூடுதல் பிடி உண்டு என்பது மட்டும் உண்மை. ஹோமில் ஐந்து வாரம் வரைதான் நிறுத்திவைக்கலாம். எஸ் மோடில் வரும் மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் தவிர வேறெங்கிருந்தும் எதையும் நிறுவ முடியாது என்பதால், அந்த மோடை விட்டு வெளியேறாமல் ஸ்டீமைக்கூடப் போட முடியாது. N என்ற ஆங்கில எழுத்தோடு வரும் பதிப்புகளில் மீடியா கூறுகள் இல்லாததால், சில விளையாட்டுகளின் இடைக் காணொளிகள் கறுப்பாக நிற்கும்.

நீண்ட கால ஆதரவுக்கான எல்டிஎஸ்சி பதிப்பைப் பலர் புகழ்கிறார்கள். ஸ்டோரோ தேவையற்ற செயலிகளோ இல்லாமல் அது சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் லைசன்ஸ் நிறுவனங்களுக்கானது. எக்ஸ்பாக்ஸ் செயலிக்கும் கேம் பாஸுக்கும் வேண்டிய கூறுகளை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். யாரோ வெட்டிச் சுருக்கி இணையத்தில் விடும் விண்டோஸ் கோப்புகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

விண்டோஸ் 11-க்குள் 24எச்2, 25எச்2 என்ற ஆண்டுப் பதிப்புகள் இரண்டில் எது என்று குழம்பத் தேவையில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த 25எச்2-வும் 24எச்2-வும் ஒரே அடித்தளத்தில் நிற்பவை. 24எச்2 வந்த புதிதில் அசாசின்ஸ் கிரீட் வரிசையில் சில விளையாட்டுகள் உறைந்துபோனதால், அவை இருந்த கணினிகளுக்கு அப்டேட் போகாமல் மைக்ரோசாஃப்ட் தடுத்துவைக்க நேர்ந்தது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பு வந்த முதல் மாதத்தில் அவசரப்படாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

லினக்ஸ் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை வெளியிட்டபோது அது ஆர்வலர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. 2022-இல் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தது. அந்த ஒரு கருவிக்காகச் செய்யப்பட்ட வேலை அத்தனையும் வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. விளையாட்டு டைரக்ட்எக்ஸ் மொழியில் பேசுவதை லினக்ஸில் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றித் தருவதுதான் புரோட்டானின் முக்கிய வேலை. ஸ்டீமில் ஒரு விளையாட்டை முதன்முறை திறக்கும்போது வல்கன் ஷேடர்கள் (காட்சியைத் தீட்டும் சிறு நிரல்கள்) தயாராகின்றன என்று ஒரு சிறு பெட்டி சதவீதக் கணக்கோடு நகரும். பொறுமையிழந்து ஸ்கிப்பை அழுத்தினால் விளையாட்டு உடனே திறக்கும், ஆனால் அந்தத் தயாரிப்பு ஆட்டத்தின் நடுவே திக்கல்களாக வரக்கூடும். தேநீர் குடிக்கும் நேரம் காத்திருப்பது மேல்.

சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3 போன்றவை லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் இயங்குதளத்தோடே வந்துவிடும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியா கார்டில், குறிப்பாக டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில், விண்டோஸோடு ஒப்பிட்டால் இழப்பு தெரியும். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுபவருக்கு வேறொரு தடை: எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டதாக 2024-இல் தெரியவந்தது. அதனால் 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர்கள் டிஸ்பிளேபோர்ட் வழியைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆன்டி-சீட்டின் முன் லினக்ஸின் கதை மாறிவிடுகிறது. வேலொரண்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்ட் 6 எதுவும் அதில் ஓடாது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் நிரல்கள் இரண்டும் புரோட்டானை ஏற்றுக்கொண்டாலும், அனுமதிப்பது அந்தந்த விளையாட்டை உருவாக்கியவரின் விருப்பம். கொடுத்த அனுமதி திரும்பப் பறிக்கப்படுவதும் உண்டு. லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 அக்டோபர் 31 அன்று அங்கே நிறுத்தப்பட்டது. இவற்றில் ஒன்றையாவது நண்பர்களோடு தினமும் ஆடுபவர் லினக்ஸைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். விண்டோஸ் 11 ஹோமே அவருக்கு உரியது. தனியாளாகக் கதை விளையாட்டுகளை ஆடுபவர், அதிலும் மைக்ரோசாஃப்ட் கைவிட்ட பிராசஸரும் ஏஎம்டி கார்டும் வைத்திருப்பவர், விண்டோஸ் 10-இல் தவணை கேட்டு நிற்பதைவிட ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸைட் போன்ற ஒன்றை நிறுவிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். வால்வின் சொந்த லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ் இன்னும் முதன்மையாகக் கையடக்கக் கருவிகளையும் ஏஎம்டியையும் மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது.

இரண்டும் வேண்டும் என்பவர் ஒரே டிஸ்க்கைப் பிரித்துப் போடாமல் தனித்தனி எஸ்எஸ்டியில் நிறுவிக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை நிறுவினால் எழும் வரிசை குழம்பாது. இங்கேயும் செக்யூர் பூட் குறுக்கே வரும். பாஸைட்டில் நிறுவும்போது அதன் சாவியை ஒரு முறை பதிவுசெய்துவிட்டால் செக்யூர் பூட்டை அணைக்காமலேயே ஓட்டலாம்; ஸ்டீம்ஓஎஸ் என்றால் அணைத்தாக வேண்டும், பேட்டில்ஃபீல்டுக்குப் போகும்போதெல்லாம் பயோஸுக்குள் நுழைந்து மறுபடி இயக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருந்தால், அப்படி மாற்றியபின் அது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். முதல் முறை பயோஸைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.