சைனும் இ-யும் கலந்த சமன்பாடுகள்: 991 கால்குலேட்டரின் சால்வ் வசதி நெடுநாள் பயன்பாட்டில் எப்படி?

காஸ் எக்ஸ் = எக்ஸ் × இ^எக்ஸ். கிண்டியிலிருந்து தாம்பரம் வரை பொறியியல் படித்த யாரையும் கேளுங்கள், ஒரு தடவையாவது இதைப் போட்டிருப்பார்கள். அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறையில் இரண்டாம் செமஸ்டரில் வரும் புள்ளியியல், எண்சார் முறைகள் தாளில் இதுவும் இதன் சொந்தபந்தங்களும்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒரு பக்கம் கோணச் சார்பு, மறு பக்கம் அடுக்குச் சார்பு. சூத்திரம் போட்டு எக்ஸைத் தனியே பிரித்தெடுக்க வழியே இல்லை. எண்ணை வைத்து நெருங்கிப் போவது ஒன்றுதான் வழி.

அதற்குப் பெரும்பாலான மாணவர்கள் நம்புவது கேசியோ எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ்ஸின் சால்வ் வசதியை. பல செமஸ்டர் தொடர்ந்து உழைத்த பிறகும் அது நல்ல கருவிதான் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதன் கையேட்டைப் பிரித்துப் படித்தவர் குறைவு. சால்வ் உள்ளே ஓடுவது, ஒரு யூக எண்ணில் வளைவின் சாய்வைப் பார்த்து அடுத்த யூகத்துக்குத் தாவும் நியூட்டன் முறை என்றும், சைன், இ^எக்ஸ், வர்க்கமூலம் போன்ற வடிவங்களில் தீர்வு கிடைப்பது கடினமாகலாம் என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நாம் போடுவதோ அந்த வடிவங்களில் இரண்டைச் சேர்த்துக் கட்டிய கணக்கு.

அடிக்கும் முறை தெரிந்ததுதான். ஆல்ஃபா, மூடும் அடைப்புக்குறி: எக்ஸ். ஆல்ஃபா, கால்க்: சமக்குறி. ஷிஃப்ட், கால்க்: சால்வ். சமக்குறி போடாவிட்டால் பூச்சியத்துக்குச் சமம் என்று தானே எடுத்துக்கொள்ளும். சாதாரணக் கணக்குக்கான மோட் 1-இல் இருக்க வேண்டும். வந்த விடைக்குக் கீழே 'எல்-ஆர்' என்று ஒரு வரி தெரியும்: இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்த மிச்சம். அது பூச்சியமாக இல்லாவிட்டால் விடையை நம்பாதீர்கள்.

சறுக்கும் இடங்களில் முதலாவது டிகிரி. மேலே உள்ள சமன்பாட்டுக்கு ரேடியனில் 0.5177573637 வர வேண்டும். டிகிரியில் விட்டிருந்தால் 0.5671 வரும். காரணம் எளிது: அரை டிகிரியின் காஸ் ஏறக்குறைய 1. ஆகவே கருவி உண்மையில் தீர்ப்பது எக்ஸ் × இ^எக்ஸ் = 1 என்ற வேறொரு சமன்பாட்டை. 0.567 கண்ணில் பட்டால் திரையின் மேல்வரியைப் பாருங்கள், 'டி' எழுத்து எரிந்துகொண்டிருக்கும். ஷிஃப்ட், மோட், 4 அடித்தால் ரேடியன். ஷிஃப்ட் 9 போட்டு யாராவது முழுசாக ரீசெட் செய்தால் கருவி சத்தமில்லாமல் டிகிரிக்குத் திரும்பிவிடும். ஹாலுக்குள் போகுமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிட மோசமானது சைன் எக்ஸ் = இ^(−எக்ஸ்). டிகிரியில் வரும் தப்பு விடை 2.96. ரேடியனில் உண்மையான தீர்வுகளில் ஒன்று 3.096. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருப்பதால் 'ஏதோ ரவுண்டிங் பிழை' என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு சமன்பாடுகளின் தீர்வுகள்.

இரண்டாவது, அம்புக்குறி. ஈஎஸ் பிளஸ்ஸின் திரை கணக்கைப் புத்தகத்தில் உள்ளபடியே காட்டும், அதுதான் அதன் அழகு. ஆனால் இ-யின் அடுக்கில் எக்ஸை இட்டபின் வலது அம்பைத் தட்டி இறங்க வேண்டும். தட்டாமல் கழித்தல் காஸ் எக்ஸ் என்று தொடர்ந்தால் அதுவும் அடுக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கருவி குறை சொல்லாமல் அதற்கும் ஒரு விடை தந்துவிடும். சைன், காஸ் அடித்தால் தானாகத் திறக்கும் அடைப்பை மூடுவதும் இதே கதைதான்.

மூன்றாவதுதான் இந்தக் கருவியின் உண்மையான எல்லை. சால்வ் ஒரு தீர்வைத் தரும், எல்லாத் தீர்வுகளையும் அல்ல. எந்தத் தீர்வு என்பதை முடிவு செய்வது நீங்கள் கொடுக்கும் தொடக்க மதிப்பு. எதுவும் கொடுக்காமல் சமக்குறியைத் தட்டினால், எக்ஸில் ஏற்கெனவே கிடக்கும் பழைய எண்ணை அது எடுத்துக்கொள்ளும். முந்தைய கணக்கின் விடை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 'நேற்று ஒன்று வந்தது, இன்று வேறொன்று வருகிறது' என்ற புலம்பலில் பாதி இதனால்தான்.

சைன் எக்ஸ் = இ^(−எக்ஸ்) சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் பூச்சியத்துக்கு மேல் போகப் போக தீர்வுகள் முடிவில்லாமல் வரும்: 0.588533, 3.096364, 6.285049, 9.424697... இ^(−எக்ஸ்) தேய்ந்து மறைவதால் ஒவ்வொன்றும் பையின் (π) மடங்குக்கு மேலும் மேலும் நெருங்கும். எட்டு பைக்குப் பக்கத்தில் உள்ள தீர்வுக்கும் எட்டு பைக்கும் உள்ள வித்தியாசம் 10 இலக்கத் திரையில் தெரியவே தெரியாது. இப்போது 1.75-ஐத் தொடக்கமாக வைத்து நியூட்டன் முறையைக் கையால் ஒரு படி போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் வளைவின் சாய்வு 0.0045 அளவுதான், கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. சார்பின் மதிப்போ −0.81. வகுத்தால் அடுத்த படி 183-க்குப் பக்கத்தில் போய் விழும். அங்கிருந்து ஏதோ ஒரு பை மடங்கைப் பிடித்துக்கொண்டு வந்தால் எல்-ஆரும் பூச்சியமாகவே இருக்கும். விடை சரி. கேட்ட விடைதான் இல்லை.

ஆகவே சால்வுக்கு முன் டேபிள். மோட் 7, சார்பு இ^(−எக்ஸ்) − சைன் எக்ஸ், தொடக்கம் 0, முடிவு 7, படி 0.25. மொத்தம் 29 வரிகள். ஈஎஸ் பிளஸ் 30 வரிக்கு மேல் தாங்காது, மெமரி போதாது என்று பிழை காட்டும். பின்னால் வந்த 991ஈஎக்ஸ் மாடலில் ஒரே சார்பு என்றால் 45 வரி வரை போகலாம். குறி மாறும் இடங்களைத் தேடுங்கள்: 0.5-க்கும் 0.75-க்கும் நடுவில் ஒன்று, 3-க்கும் 3.25-க்கும் நடுவில் ஒன்று, 6.25-க்கும் 6.5-க்கும் நடுவில் ஒன்று. அந்த இடைவெளிக்குள்ளிருந்து ஓர் எண்ணைக் கொடுத்தால் சால்வ் பெரும்பாலும் வழி தவறாது. எரிச்சல் என்னவென்றால், மோட் மாற்றினாலே அடித்த கோவை அழிந்துவிடும், திரும்ப அடிக்க வேண்டும். டேபிள் ஓடினால் எக்ஸில் உள்ள எண்ணும் மாறும்.

எதிர்ப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். காஸ் எக்ஸ் = எக்ஸ் × இ^எக்ஸ் என்பதற்கு −1.864, −4.669 என்று குறை எண்களிலும் வரிசையாகத் தீர்வு உண்டு. 'மிகச்சிறிய நேர்மூலம்' என்று வினாத்தாளில் ஏன் குறிப்பிடுகிறார்கள் என்பது இதைப் பார்த்தால் விளங்கும்.

இயந்திரவியல், கட்டடவியல் ஆட்களுக்கு ஒரு தனிச் சங்கதி. ஒரு முனை மட்டும் பிடித்த உத்தரத்தின் அதிர்வுக்கு காஸ் எக்ஸ் × காஷ் எக்ஸ் = −1 என்று வரும். தீர்வுகள் 1.8751, 4.6941, 7.8548. காஷ் என்பதும், அதாவது (இ^எக்ஸ் + இ^(−எக்ஸ்)) ÷ 2, அடுக்குச் சார்புதான், வேகமாக ஊதும்: எக்ஸ் 20 ஆகும்போதே 24 கோடியைத் தாண்டிவிடும். இப்படி ஊதும் எண்ணால் காஸைப் பெருக்கினால், காஸில் உள்ள கடைசி இலக்கப் பிழையும் சேர்ந்து ஊதும், எல்-ஆர் பூச்சியமாவது அரிது. காஸ் எக்ஸ் = −1 ÷ காஷ் எக்ஸ் என்று மாற்றி அடியுங்கள். இப்போது இரு பக்கமும் 1-க்குள் அடங்கிவிடும். எந்தச் சமன்பாடாக இருந்தாலும் இதுவே பழக்கம்: அடுக்குச் சார்பை வளரும் பக்கத்தில் விடாமல் தேயும் பக்கத்துக்குக் கொண்டு போக வேண்டும். இ^எக்ஸ் × சைன் எக்ஸ் = 1 என்று கேட்டாலும் சைன் எக்ஸ் = இ^(−எக்ஸ்) என்றே அடிப்பது நல்லது. எக்ஸ் 230.2585-ஐத் தாண்டினால் இ^எக்ஸ் 10-இன் 100-ஆம் அடுக்கைத் தாண்டும், 'மேத் எரர்' வந்து நிற்கும்.

தேர்வில் சால்வ் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் தேறாது. 13 மதிப்பெண் கேள்விக்குப் படிகள் வேண்டும். அங்கே முந்தைய விடையை வைத்திருக்கும் ஆன்ஸ் பட்டன்தான் வேலைக்காரன். 0.5 அடித்து சமக்குறி. பிறகு ஆன்ஸ் − (ஆன்ஸ் × இ^ஆன்ஸ் − காஸ் ஆன்ஸ்) ÷ (இ^ஆன்ஸ் × (ஆன்ஸ் + 1) + சைன் ஆன்ஸ்). இனி சமக்குறியைத் தட்டத் தட்ட நியூட்டன் படிகள் வரும்: 0.518026, 0.517757, அவ்வளவுதான். 1-இலிருந்து தொடங்கினால் 0.65308, 0.53134, 0.51791, 0.51776 என்று நாலு படி. இதே துல்லியத்துக்கு 0, 1 இடைவெளியை இரண்டிரண்டாக வெட்டிப் போனால் 17, 18 படி ஆகும்.

புதிய 991சிடபிள்யூ-வில் சால்வ் சமன்பாட்டுச் செயலிக்குள் 'சால்வர்' என்று இடம் மாறியிருக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரம் மாற்றிக்கொள்வது வம்பு. சென்னை ரிச்சி தெருவிலோ பாரிமுனையிலோ வாங்குபவர்கள் பில் போட்டு வாங்குங்கள். கடையிலேயே நின்று ரேடியனில் முதல் சமன்பாட்டை அடித்து 0.5177573637 வருகிறதா என்று பார்க்கலாம்.

கேட் என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத்தேர்வு எழுதுபவர்களுக்கு இந்தக் கருவி உதவாது. அங்கே திரையில் உள்ள கால்குலேட்டர் மட்டும்தான், சால்வ் கிடையாது, மவுஸால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அங்கே வரும் ஆசை, எக்ஸ் = காஸ் எக்ஸ் ÷ இ^எக்ஸ் என்று எழுதித் திரும்பத் திரும்பப் போடுவது. அது போய்ச் சேரும், ஆனால் ஊர்ந்து. தீர்வுக்கு அருகே அந்தச் சார்பின் சாய்வு −0.81. ஒவ்வொரு சுற்றிலும் பிழையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஏறக்குறைய 44 சுற்று. சைன் எக்ஸ் = இ^(−எக்ஸ்) சமன்பாட்டை எக்ஸ் = −லான்(சைன் எக்ஸ்) என்று எழுதினால் இன்னும் மோசம்: சாய்வு −1.5, அளவு 1-ஐத் தாண்டியதால் பிழை பெருகி விலகி ஓடும். தலைகீழ் சைனாக எழுதினால் −0.67, சேரும்.

சாய்வு குறை எண்ணாக இருக்கும்போது ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள். 0.5-இலிருந்து: 0.51614, 0.51761, 0.51774, 0.51776. நாற்பத்து நாலு சுற்று நாலாகச் சுருங்கிவிட்டது, அதுவும் வகைக்கெழு எடுக்காமலே.