சூடோ போச்சு, ஆனா சிஸ்டம் போகல: மூணு வருஷ உபுண்டு அனுபவம்

உபுண்டுன்னு லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம், அதுல 22.04 பதிப்பு போட்டு ஆரம்பிச்சேன், அப்புறம் அதையே 24.04க்கு ஏத்திக்கிட்டேன், மூணு வருஷத்துக்கு மேல தினமும் இதுலதான் வேலை. வேகம், அப்டேட்டு எல்லாம் திருப்தியா இருக்கு, அத பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம் சூடோ (கமாண்ட அட்மின் உரிமையோட ஓட்ட வைக்கறது) போயி அட்மின் உரிமையே கைய விட்டுப் போச்சே, அதத்தான் விவரமா எழுதணும்னு தோணுது, ஏன்னா புதுசா வர்றவங்க நிறைய பேர் இதே இடத்துல மாட்டி நேரா ரீஇன்ஸ்டால் பண்ணிடறாங்க.

ஆர்டுயினோன்னு ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு வாங்கி கம்ப்யூட்டர்ல சொருகினேன், சீரியல் போர்ட்டுக்கு பர்மிஷன் இல்லன்னு எரர். டயல்அவுட்னு ஒரு குரூப்ல நம்ம யூசர சேர்த்தா சரியாகும்னு தெரிஞ்சுது, யூசர் விவரத்த மாத்தற யூசர்மாட் கமாண்டுல பெரிய ஜி போட்டு குரூப் பேர், அப்புறம் என் பேர் அடிச்சேன். எரர் எதுவும் வரல. அந்த பெரிய ஜிக்கு முன்னாடி ஒரு சின்ன ஏ இருக்கணும், அது இருந்தாத்தான் ஏற்கனவே இருக்கற குரூப்போட புதுசையும் சேர்க்கும், இல்லன்னா பழசு எல்லாத்துலருந்தும் எடுத்துட்டு நாம சொன்னதுல மட்டும் வைக்கும். அப்படித்தான் அட்மின் உரிமை தர்ற சூடோ குரூப்லருந்து நானே என்னை வெளிய தள்ளிட்டேன்.

அன்னைக்கு இது தெரியவே இல்ல. குரூப் மாத்தம் அடுத்த தடவ லாகின் பண்ணும்போதுதான் அமலுக்கு வரும், அதனால அந்த செஷன்ல சூடோ ஒழுங்கா ஓடிச்சு. தப்பு செஞ்ச உடனே கண்டுபிடிச்சா லாக்அவுட் பண்ணாம அங்கயே சரி பண்ணிடலாம், இத நல்லா மனசுல வச்சுக்கோங்க.

மறுநாள் சூடோ அடிச்சா, சூடோயர்ஸ் ஃபைல்ல (யாருக்கு சூடோ உரிமைன்னு எழுதியிருக்கறது) உங்க பேர் இல்ல, இந்த சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும்னு வந்துச்சு. படிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, யாருக்கு ரிப்போர்ட் போகும்னே தெரியல. எங்கயும் போகாது, நம்ம மெஷின் லாக்லதான் பதிவாகும். சரி, எல்லா உரிமையும் உள்ள ரூட் அக்கவுண்ட்டா நுழையலாம்னு, வேற யூசரா மாறற எஸ்யூ கமாண்ட் போட்டா எந்த பாஸ்வேர்டும் எடுக்கல, உபுண்டுல ரூட் அக்கவுண்ட் ஆரம்பத்துலருந்தே பூட்டித்தான் இருக்கும், அதுக்குன்னு பாஸ்வேர்டே கிடையாது.

இந்த நேரத்துல முதல்ல ஐடின்னு ரெண்டெழுத்து கமாண்ட் அடிச்சுப் பாருங்க, எந்தெந்த குரூப்ல இருக்கீங்கன்னு காட்டிடும். எனக்கு என் பேரும் டயல்அவுட்டும் மட்டும்தான் வந்துச்சு. அப்பதான் உயிரே வந்துச்சு, ஃபைல் எதுவும் போகல, ஒரு லிஸ்ட்லருந்து பேர் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

இத சரி பண்ண பூட் மெனு வேணும், அதுக்கு மெஷின ரீஸ்டார்ட் பண்ணி கம்பெனி லோகோ மறையற நேரத்துல எஸ்கேப் கீய ஒரே ஒரு தடவ தட்டணும், பழைய பயாஸ் மெஷின்னா ஷிப்ட்ட அழுத்திப் பிடிக்கணும். நான் பதட்டத்துல எஸ்கேப்ப படபடன்னு தட்டினதுல மெனுவத் தாண்டி கிரப்ங்கற பூட் புரோகிராமோட கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போயிடுச்சு, திரும்ப ரீஸ்டார்ட் பண்ணி நிதானமா தட்டினேன். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள ரிகவரி மோட், அதுல ரூட் ஷெல், அதாவது ரூட்டா கமாண்ட் அடிக்கற திரை. ஆனா இங்க டிஸ்க் படிக்க மட்டும்தான் திறந்திருக்கும், மவுண்ட் கமாண்டுல ரீமவுண்ட், ஆர்டபிள்யூ ரெண்டும் குடுத்து எழுதறதுக்குத் திறந்தாத்தான் அடுத்த வேலை நடக்கும். அப்புறம் ஆட்யூசர்னு அடிச்சு என் பேரு, சூடோன்னு குரூப் பேரு, ரீபூட். முடிஞ்சுது.

ஆனா அவசரத்துல ஒண்ண விட்டுட்டேன். சூடோ மட்டும் இல்ல, ஏடிஎம் (adm), பிளக்டெவ், எல்பிஅட்மின்னு மத்த குரூப்பும் போயிருந்துச்சு, லாக் படிக்க முடியாம, பிரிண்டர் சேர்க்க முடியாம போனப்பதான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. ஈடிசி ஃபோல்டர்ல குரூப் ஃபைல் பக்கத்துலயே அதே பேர்ல கடைசில ஒரு சின்ன கோடு (-) போட்ட ஃபைல் இருக்கும், கடைசி மாத்தத்துக்கு முன்னாடி இருந்த நகல் அது. நான் சூடோவ சேர்த்த உடனே அந்த நகலும் மாறிடுச்சு. சரி பண்றதுக்கு முன்னாடி அத ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க, பழைய லிஸ்ட் முழுசா கிடைக்கும்.

இந்த வழி எல்லா லினக்ஸ்லயும் அப்படியே பொருந்தாது. ஃபெடோரா, ஆர்ச்னு மத்த லினக்ஸ்ல அந்த அட்மின் குரூப் பேரே வீல். டெபியன்ல இன்ஸ்டால் பண்ணும்போது ரூட் பாஸ்வேர்ட் குடுத்திருந்தா முதல் யூசர் சூடோலயே இருக்க மாட்டார், அங்க எஸ்யூ போட்டு உள்ள போயி சேர்த்தா போதும். ரூட் பூட்டியிருந்து ரிகவரியும் உள்ள விடலன்னா இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடற லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, டிஸ்க மவுண்ட் பண்ணி, சிஎச்ரூட் கமாண்ட் போட்டு அந்த டிஸ்க்ல இருக்கற சிஸ்டத்துக்குள்ள நுழையலாம்.

ஒண்ணு மட்டும் ரொம்ப நாள் உறுத்திச்சு. பாஸ்வேர்ட் எதுவும் கேக்காம நான் ரூட் ஆனேன்னா, என் லேப்டாப் யார் கைல கிடைச்சாலும் அவங்களும் ஆகலாம்ல? அதனால டேட்டாவ பேக்கப் எடுத்துட்டு டிஸ்க்க பாஸ்வேர்டால பூட்டற என்கிரிப்ஷனோட உபுண்டுவ புதுசா போட்டேன். இப்ப ரிகவரிக்குப் போனாலும் முதல்ல டிஸ்க் பாஸ்வேர்ட் கேக்கும், அது மறந்தா மேல சொன்ன எந்த வழியும் உதவாது.

அப்பலருந்து ரெண்டாவதா ஒரு அட்மின் யூசர் வச்சிருக்கேன். சூடோயர்ஸ் ஃபைல தொடணும்னா விசூடோ கமாண்ட் வழியாத்தான், எழுத்துல தப்பு இருந்தா சேவ் பண்றதுக்கு முன்னாடியே நிறுத்திக் கேக்கும். குரூப்ல சேர்க்க யூசர்மாட் பக்கமே போறதில்ல, ஆட்யூசர் சேர்க்க மட்டும்தான் செய்யும். 24.04க்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஐடி குடுத்த வரிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு வச்சேன், ஏத்தி முடிச்சு ஒப்பிட்டுப் பாத்தா ஒரு குரூப் கூட குறையல.