சக்கரம் நன்று, திருகு வீண்

உருளும் பலகை செய்வதற்காக வாங்கிய காஸ்டர் (அடியில் மாட்ட இரும்புத் தகட்டோடு வரும் சக்கரம்) செட் இது: 75 மி.மீ. பாலியூரித்தேன் சக்கரம் நான்கு. நான்குமே திரும்பும் வகை, இரண்டில் பிரேக் உண்டு. பட்டறையில் கருவிகள் அடுக்கும் கனமான அலமாரியை இதன்மேல் ஏற்றியிருக்கிறேன்.

உருள்வதில் குறையே சொல்ல முடியாது. பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நைலான் சக்கரம் போடும் கடகடச் சத்தம் இல்லை, தரையில் கறுப்புக் கோடும் விழவில்லை.

ஒரு சக்கரம் 60 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். அதை நான்கால் பெருக்கி 240 என்று நம்பிவிடாதீர்கள். எந்தத் தரையும் முழுச் சமமாக இருக்காது. ஏதாவது ஒரு சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டால் பாரம் மூன்றின் மேல்தான் இறங்கும். 180 என்று வைத்துக்கொண்டு, அதிலும் கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள்.

கோபம் வந்தது கூடவே வந்த திருகுகளைப் பார்த்துத்தான். நீளம் 16 மி.மீ. தகட்டின் தடிமன் போக மரத்துக்குள் இறங்குவது எவ்வளவு இருக்கும்? பாரத்தோடு தள்ளும்போது சக்கரம் நெம்புகோல் மாதிரி அந்தத் திருகைப் பிடுங்கப் பார்க்கும். அவற்றைத் தொடவே இல்லை. 18 மி.மீ. பிளைவுட்டின் அடியில் இரண்டு பக்கமும் மரச்சட்டம் ஒட்டி, சட்டத்தையும் பலகையையும் சேர்த்துத் துளை போட்டு, 8 மி.மீ. போல்ட்டை மேலிருந்து இறக்கி, கீழே வாஷரும், அதிர்வில் கழன்றுவிடாத நைலாக் நட்டும் கொடுத்து முடுக்கினேன். போல்ட்டின் தலை புதைய மேலே சின்னப் பள்ளம் எடுத்துவிட்டால் அலமாரி ஆடாமல் உட்காரும்.

தகட்டைப் பலகையின் ஓரத்தோடு ஒட்டிவைத்தால், சக்கரம் திரும்பும்போது வெளியே நீட்டிக்கொண்டு கால்விரலைப் பதம் பார்க்கும். ரொம்ப உள்ளே தள்ளினாலோ, உயரமான பொருள் கவிழப் பார்க்கும். சக்கரத்தை முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, வெளியே வராத அளவுக்கு மட்டும் உள்ளே வைப்பதே சரி.

பிரேக்? சுமார்தான். சக்கரத்தை நிறுத்துகிறது, ஆனால் திரும்பும் தலையைப் பிடிப்பதில்லை. அதனால் மிதித்து நிறுத்திய பிறகும் பலகை கொஞ்சம் நெளிகிறது. அலமாரிக்கு இது பரவாயில்லை. மேலே ரம்பமோ இழைக்கும் மெஷினோ வைத்து வேலை செய்பவர்களுக்கு ஆகாது. தலையையும் சேர்த்துப் பூட்டும் வகையையே அவர்கள் வாங்க வேண்டும். பிரேக் உள்ள இரண்டையும் கால் எட்டும் பக்கத்தில் மாட்டுங்கள். சுவர்ப்பக்கம் போய்விட்டால் மிதிக்க வழியில்லை.

அச்சைச் சுற்றி மூடி இல்லாததால் நூலும் முடியும் சிக்கிக்கொள்கின்றன. அவ்வப்போது பிளேடால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. வாசற்படியோ மேடுபள்ளமோ தாண்ட வேண்டியிருந்தால் இந்த அளவு போதாது, 100 அல்லது 125 மி.மீ. சக்கரமாகப் பாருங்கள்.