50 டாலர் ரிவெர்ப்பும் நம் பாட்டும்: விண்டேஜ்வெர்ப் நீண்ட நாள் அனுபவம்

வீட்டில் உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் செய்கிற யாராவது, "ஒரே ஒரு பிளகின் வாங்கத்தான் காசு இருக்கு, எதை வாங்கலாம்?" என்று கேட்டால் ரிவெர்ப் என்றுதான் சொல்வேன். பிளகின் என்பது பதிவு மென்பொருளுக்குள் போடும் துணைக் கருவி; ரிவெர்ப், பதிந்த ஒலிக்கு ஓர் இடத்தின் எதிரொலியைச் சேர்ப்பது. ரீப்பர், கியூபேஸ் மாதிரிப் பதிவு மென்பொருள்களில் கூடவே வருகிற ஈக்யூவும் (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக்குறைப்பது) கம்ப்ரஸரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) நம் வேலைக்குத் தாராளம். ரிவெர்ப்பில் மட்டும் நல்லதற்கும் சுமாருக்கும் உள்ள வித்தியாசம் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். படுக்கையறையில், வாய்க்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்த குரலுக்கு இடம் என்று ஒன்று இருக்காது. அந்த இடத்தை ரிவெர்ப்தான் உண்டாக்கித் தரவேண்டும்.

சில வருடங்களாக நான் வால்ஹல்லா கம்பெனியின் விண்டேஜ்வெர்ப் என்ற ரிவெர்ப் பிளகினைப் பயன்படுத்துகிறேன். என் வேலை பெரும்பாலும் பக்திப் பாடல்கள், குறும்படப் பின்னணி இசை, தெரிந்தவர்களின் சின்னக் கச்சேரிப் பதிவுகள். அதாவது குரல், புல்லாங்குழல், வீணை, மிருதங்கம். ரிவெர்ப் பற்றிய பாடங்கள் கிட்டாரையும் ட்ரம்ஸையும் பாப் குரலையும் வைத்தே பேசுகின்றன. கமகம் உள்ள குரலில் இது எப்படி நடந்துகொள்கிறது என்று யாராவது எழுதியிருந்தால் எனக்கு நிறைய நேரம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. 50 டாலர். ரூபாயில் நாலாயிரத்துக்கு மேல் வரும். கார்டில் கட்டினால் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. தள்ளுபடிக்காகக் காத்திருப்பதில் பயனில்லை, ஏனென்றால் வால்ஹல்லாக்காரர்கள் தள்ளுபடியே போடுவதில்லை; எப்போது வாங்கினாலும் அதே விலைதான். விண்டேஜ்வெர்ப் 2012இல் வந்தது. அதற்குப் பிறகு புதுப்புது மோடுகள் (ரிவெர்ப் வகைகள்) சேர்ந்துகொண்டே இருக்கின்றன, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எல்லாம் இலவசம். உரிமம் ஒரு சின்னக் கோப்பு, அவ்வளவுதான். உரிமத்துக்காகக் கணினியில் செருகும் டாங்கிள் கிடையாது. வேறொரு கம்பெனியின் மாதச் சந்தா ரிவெர்ப்பை இதற்கு முன் வைத்திருந்தேன். கரண்ட் போய் மோடம் அணைந்த ஒரு சாயங்காலம், லேப்டாப் பேட்டரியில் மிக்ஸை முடித்துக்கொடுக்க உட்கார்ந்தால், உரிமத்தைச் சரிபார்க்க இணையம் வேண்டும் என்று அது திறக்கவே மறுத்துவிட்டது. அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் ஒலித்தரத்துக்குச் சமமாக வைத்துப் பார்க்கிறேன்.

காசு கொடுக்கும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றைக் கேட்டுவிடுங்கள். டிராகன்ஃப்ளை ரிவெர்ப் திறமூல மென்பொருள். ஹால், ரூம், ப்ளேட், ஏர்லி ரிஃப்ளெக்‌ஷன்ஸ் என்று நான்கு தனித்தனிப் பிளகின்கள், லினக்ஸிலும் ஓடும். அதன் ரூம் இப்போதும் என் சில ப்ராஜெக்ட்களில் இருக்கிறது. ஒரில்ரிவர் என்ற இலவச ரிவெர்ப்பும் நல்லதுதான். வால்ஹல்லாவின் சூப்பர்மாஸிவ் 2020இல் இலவசமாக வந்தது, எல்லோரும் அதைத்தான் முதலில் இறக்கிக்கொள்கிறார்கள். பிரமாதமான கருவி, ஆனால் அது வேறு ரகம். சிந்தசைசரின் நீண்ட பேட் ஒலியை விண்வெளிக்கு அனுப்பலாம். ஒரு பாடகரைச் சின்னக் கூடத்தில் நிற்க வைக்க அது சரிப்படாது. குரலுக்கு அதைப் போட்டுப் பார்த்து ரிவெர்ப்பே நமக்கு வேண்டாம் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு வழி கன்வல்யூஷன். நிஜமான ஓர் இடத்தில் பதிந்த இம்பல்ஸை (அந்த இடத்தின் எதிரொலிப் பதிவை) எடுத்து அந்த இடத்தின் ஒலியை நம் ட்ராக்கின் மேல் ஏற்றுவது. ரீப்பரில் இதற்கான ரியாவெர்ப் கூடவே வருகிறது. யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் இம்பல்ஸ்கள் இலவசம். நிஜத்தன்மையில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் வாலின் (ஒலி நின்ற பின்னும் தேய்ந்துகொண்டே போகும் எதிரொலியின்) நீளத்தை விருப்பம்போலக் கூட்டிக்குறைக்கவும், கீழ் ஒலிகளுக்கு ஒன்று மேல் ஒலிகளுக்கு ஒன்று என்று மாற்றவும் போனால் சீக்கிரமே இயற்கை கெட்டுவிடும். நமக்கு அந்தச் சுதந்திரம் அவசியம் தேவை.

ஏன் என்றால், மேற்கத்திய பாப் பாட்டில் ஒரு கார்டுக்குள் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) இருக்கும் ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று தங்கினாலும் அழகுதான், ஹால் ரிவெர்ப் அதை இன்னும் கொழுக்க வைக்கும். நம் பாட்டில் அடுத்தடுத்த ஸ்வரங்கள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், சுத்த ரிஷபம் சுமார் 209. மாயாமாளவகௌளையில் ரியிலிருந்து ஸாவுக்கு இறங்கும்போது, ரிவெர்ப்பின் வால் நீளமாக இருந்தால் ரி இன்னும் அறைக்குள் இருக்கும்போதே ஸா வந்துவிடும். 13 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டும் மோதி ஒரு கரகரப்பு. கேட்பவருக்குக் காரணம் புரியாது. "பாட்டு கொஞ்சம் சுருதி சேரல போல இருக்கே" என்பார்கள். பாடியவர் மேல் பழி விழும்.

அதனால் டிகேயை (வால் தேய எடுக்கும் நேரத்தை) ராகம் பார்த்துத்தான் வைக்கிறேன். மோகனம், சுத்த சாவேரி மாதிரி அரை ஸ்வர நெருக்கமே இல்லாத ராகங்களில் 2.5 வினாடி வரை போகலாம், சுகமாகவே இருக்கும். தோடி, மாயாமாளவகௌளை, சுபபந்துவராளி என்றால் 1.2, 1.3 வினாடியைத் தாண்டுவதில்லை. விருத்தமாகவோ ஆலாபனையாகவோ நிதானமாகப் போனால் கொஞ்சம் இளக்கம் கொடுக்கலாம். துரிதமான சங்கதிகள் வந்தால் ஆட்டோமேஷன் போட்டு அந்த இடத்தில் மட்டும் செண்டை (ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியின் அளவை) குறைத்துவிடுவேன்.

அடுத்தது மாடுலேஷன், அதாவது வாலின் சுருதி மெல்ல ஆடுவது. விண்டேஜ்வெர்ப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பார்கள். பழைய டிஜிட்டல் ரிவெர்ப் பெட்டிகளின் வால் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். 1978இல் வந்த லெக்ஸிகன் 224 பாணியிலான அந்த அசைவைத்தான் இது தருகிறது. உலோகச் சத்தம் கேட்காமல் இருப்பதற்கே அந்த ஆட்டம். சிந்த்துக்கும் எலெக்ட்ரிக் பியானோவுக்கும் தேன். தம்புராவும் வீணையும் இருக்கும் ட்ராக்கில் இதுவே ஆபத்து: அசையாமல் நிற்க வேண்டிய ஸட்ஜத்தைச் சுற்றி வால் மட்டும் மேலும் கீழும் நழுவும். குரலுக்கும் வீணைக்கும், ஒலிச் சாயலைத் தேர்ந்தெடுக்கும் கலரை "நவ்"வில் வைத்து, ஆட்டத்தின் அளவான மாட் டெப்த்தை அடியோடு இறக்கிவிடுகிறேன். மிருதங்கத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சாப்பு விழும்போது டெப்த் பூஜ்யமாக இருந்தால் வாலில் தகரம் தட்டிய மாதிரி ஒரு ஒலி எட்டிப் பார்க்கும். அங்கே டெப்த்தைக் கொஞ்சம் ஏற்றி, டிஃப்யூஷனையும் (எதிரொலிகளின் அடர்த்தியை) கூட்டினால் போய்விடும். தொப்பியின் கும்கி ரிவெர்ப்புக்குள் போகவே கூடாது, கீழ் ஒலிகளை வெட்டும் லோ கட் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாம்.

குரலுக்கு எனக்குப் பிடித்த மோட் ப்ளேட். 1957இல் ஜெர்மனியில் வந்த ஈஎம்டி 140 என்பது பெட்டிக்குள் தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகடு. மொத்த எடை சுமார் 270 கிலோ. அந்தக் குடும்ப ஒலி எந்தச் சுவரையும் நினைவுபடுத்தாது, குரலைச் சுற்றி ஒரு பளபளப்பை மட்டும் வைக்கும். ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் சின்ன இடைவெளியான ப்ரீ-டிலேயில்தான் பாடல் வரி தெளிவு இருக்கிறது. டெம்போ 80 என்றால் ஒரு அடி 750 மில்லி வினாடி. அதைப் பதினாறால் வகுத்தால் 47. அந்த இடத்தில் வைத்தால் சொல் முதலில் வந்து சேரும், இடம் அதற்குப் பின்னால் விரியும். ஸ, ஷ எழுத்துகள் நிறைந்த ஸ்தோத்திரம் என்றால் செண்டில் ரிவெர்ப்புக்கு முன்னால் சீறும் ஒலிகளை அடக்கும் ஒரு டீ-எஸ்ஸர் கட்டாயம், இல்லாவிட்டால் ப்ளேட் ஒவ்வொரு "ஸ"வையும் பிடித்துச் சீறும். புல்லாங்குழலுக்கு மட்டும் சேம்பர் மோடும் 1970s கலரும். அந்தக் கலர் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வெளியே விடாது என்பதால் ஊதும் காற்றின் இரைச்சல் வாலில் தங்குவதில்லை. என் காதுக்கு இந்தப் பிளகினின் மிக அழகான மூலை இதுதான்.

குறைகளும் உண்டு. அலைவரிசையை வரைபடமாகப் பார்த்து வேலை செய்து பழகியவர்களுக்கு வெறும் குமிழ்கள் மட்டும் உள்ள இந்தத் திரை திண்டாட்டம்தான். ப்ரீசெட்கள் பலவும் நம் இசைக்கு மிக நீளமானவை, மோடைப் பிடித்துக்கொண்டு மீதியை நாமே திருக வேண்டும். செண்டில் போட்டிருந்தால் ப்ரீசெட் மாற்றும்போது மிக்ஸ் அளவும் (நேர் ஒலிக்கும் ரிவெர்ப்புக்கும் உள்ள விகிதமும்) மாறிவிடும். மிக்ஸ் என்ற எழுத்தின் மேல் கிளிக் செய்து பூட்டிவிடுங்கள். நிஜமான ஒரு மண்டபத்தில் பாடியதாகவே நம்ப வைக்க வேண்டும் என்றால் இதைவிட கன்வல்யூஷனே மேல். இன்னொன்று, பதிவிலேயே ஏறிவிட்ட சின்ன அறையின் டப்பா ஒலியை எந்த ரிவெர்ப்பும் மறைக்காது, பெரிதாக்கித்தான் காட்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லுங்கள். மைக்கின் எதிரே துணி இருக்கும். செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய லேப்டாப்பிலும் நாலைந்து விண்டேஜ்வெர்ப் சிரமமில்லாமல் ஓடுகிறது. ஆனால் அத்தனை தேவைப்படுவதில்லை: குரலுக்கு ஒரு ப்ளேட், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ரூம், இரண்டு செண்ட் போதும். எல்லோரும் அந்த ஒரே ரூமுக்குள் வெவ்வேறு அளவில் போனால்தான் தனித்தனியாகப் பதிந்த வாத்தியங்கள் ஒரே மேடையில் உட்கார்ந்த உணர்வு வரும். மாஸ்டரிங்குக்கோ படத்தின் மிக்ஸிங்குக்கோ வெளியே அனுப்பும்போது ரிவெர்ப் இல்லாத குரலைத் தனியாகவும், நேர் ஒலி கலக்காத (நூறு சதவீதம் wet) ரிவெர்ப்பைத் தனியாகவும் ஏற்றுமதி செய்து கொடுங்கள். அங்கே வசனத்துக்கு இடம் வேண்டுமென்றால் வாலை மட்டும் குறைத்துக்கொள்வார்கள், குரலில் கை வைக்க மாட்டார்கள்.